வாசகர் கேள்வி – பதில்: கல்லூரி அதிபர் சபைக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரைத் தேர்தலில் நிறுத்தப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "பள்ளிக்கூடத்தைக் கட்டிக் காத்த மனிசருக்கு இது எதற்கு?" என்று வாப்பா மறுக்கிறார். கல்லூரித் தலைமையிலிருந்து சட்டம் இயற்றும் சபைக்குப் போயும் பெயர் கெடாதவர் நம்மிடையே உண்டா?
– வாசகி, சாய்ந்தமருது

பதில்: உண்டு, அவருடைய பெயர் உங்கள் பக்கத்து வயல்வெளியிலேயே இருக்கிறது. 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ், பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றுபோன 1942இல், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். நிலங்களை விவசாயிகளுக்குக் கொடுத்து நெல் விளைவிக்கச் செய்தார். மக்கள் ஒரு வயற்கண்டத்துக்கு 'அஸீஸ்துரைக் கண்டம்' என்று பெயரிட்டார்கள். மரத்தையோ குளத்தையோ நிலச்சொந்தக்காரரான போடியாரையோ அடையாளமாக வைத்துக் கண்டத்துக்குப் பெயர் சொல்லும் நம் வயற்காரர், வந்துபோகும் உத்தியோகத்தர் ஒருவரின் பெயரை வரம்புக்குள் ஏற்றியதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை. கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கியதும், காரைதீவு மண்ணின் மைந்தரான சுவாமி விபுலாநந்தருடன் அவர் நெருங்கிப் பழகியதும் அந்த நாட்களில்தான்.

1948இல் அவர் சிவில் சேவையையே விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அவருக்கு முன் அங்கே அதிபராக இருந்த ரி. பி. ஜாயா, 1924இலேயே சட்டநிரூபண சபைக்குள் நுழைந்து, 1947இல் மத்திய கொழும்பில் மக்கள் வாக்கில் வென்று அமைச்சரானவர். அஸீஸ் 1952இல் பாராளுமன்றத்தின் மேலவையான செனட் சபைக்கு நியமிக்கப்பட்டார். 1961 வரை கல்லூரியையும் சபையையும் சேர்த்தே சுமந்தார்.

1956இல் சிங்களத்தை மட்டுமே அரச கரும மொழியாக்கும் 'சிங்களம் மட்டும்' சட்டமூலம் வந்தபோது, அவர் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் அந்தக் கொள்கைக்கு இணங்கியிருந்தது. அஸீஸ் இணங்கவில்லை. சட்டமூலத்தை எதிர்த்தார், கட்சியையும் விட்டு விலகினார். முஸ்லிம் பிள்ளை வீட்டில் எந்த மொழியில் பேசுகிறது, எந்த மொழியில் பாடம் விளங்குகிறது என்பதை நாள்தோறும் கண்ட அதிபராக இருந்ததனாலேயே அந்த நிலைப்பாட்டில் அவர் தளரவில்லை என்று நான் நினைக்கிறேன். அவருடைய சபை வாழ்வில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. அஸீஸ் வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போக வேண்டியிருக்கவில்லை. செலவுக்கு எவரிடமும் கடன்படவும் இல்லை. உங்கள் ஊர் அதிபருக்கு அந்த வசதி கிடைக்காது. அவருடைய தேர்தல் செலவை யார் ஏற்கிறார்கள், கட்சி ஒன்று சொல்லி ஊர் வேறொன்று கேட்கும் நாளில் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று வாப்பா அவரிடமே நேரில் கேட்கட்டும்.

கேள்வி: செனட் சபை இப்போது ஏன் இல்லை?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: 1947இல் பாராளுமன்றத்தின் மேலவையாக அமைந்த அதில் 30 பேர் இருந்தார்கள், 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்தது, ஏனைய 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். 1971 ஒக்டோபரில் அது ஒழிக்கப்பட்டது. அஸீஸ் 1963இலேயே அதைவிட்டு விலகி, அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குப் போய்விட்டார்.