உள்ளி போடவா, பல்லாரி வாங்கி வைக்கவா?

நாகர்கோவிலில் 22 வருஷம் வெங்காய மொத்த வியாபாரம் பார்த்தவன் நான். நம்ம மாவட்டத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். நம்ம பக்கத்து வழக்கப்படி சின்ன வெங்காயத்தை உள்ளி என்றும் பெரியதைப் பல்லாரி என்றுமே எழுதுகிறேன்.

தோவாளை: அண்ணாச்சி, 30 சென்ட் சும்மா கிடக்கு. உள்ளி போட்டா கட்டுபடி ஆகுமா?

முதல் தடவை 10 சென்ட் மட்டும் போடுங்க. உள்ளியில் பெரிய செலவே விதைக்காய்தான், அதாவது நடுவதற்கு வாங்கும் உள்ளி. ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ பிடிக்கும்; உங்க 10 சென்டுக்கே 40 கிலோவுக்குக் குறையாது. விலை ஏறும்போதுதான் எல்லோருக்கும் உள்ளி நட ஆசை வரும். அப்போ விதைக்காய் விலையும் ஏறித்தான் நிற்கும். நீங்க அறுக்கும்போது திண்டுக்கல், பெரம்பலூர் சரக்கு வந்து இறங்கினால் போட்ட பணம் திரும்பாது. கோ 5 ரகத்தை விதை தூவி நாற்றுவிட்டு நடலாம், ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். நான் அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று, நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தண்ணீர் தேங்கினால் அழுகலும் திருகல் நோயும் வரும். தை பிறந்ததும் நடுங்க, வெயிலில் அறுங்க.

குலசேகரம்: தென்னைக்கு ஊடுபயிரா போடலாமா அண்ணே?

வளர்ந்த தோப்பின் நிழலில் காய் பருக்காது. உங்க பக்கம் மழையும் கூடுதல். வேண்டாம்.

மார்த்தாண்டம், மளிகைக் கடை: சித்திரையில பல்லாரி வாங்கி வச்சு ஐப்பசியில வித்தா நல்ல லாபம்தானே?

இந்தக் கணக்கில் நொடிந்தவர்கள் நிறைய. ஒரு பேச்சுக்கு, கிலோ 20 ரூபாய்க்கு 100 கிலோ வாங்குகிறீங்க. ஆறு மாதத்தில் எடை குறைந்து, முளைத்து, அழுகி 30 கிலோ போய்விடும் என்று வையுங்க. மிச்சம் 70 கிலோ. அடக்கவிலை அப்போதே 28 ரூபாய் 57 காசு. கிட்டங்கி (சரக்கு வைக்கும் குடோன்) வாடகை, பொறுக்கி எடுக்கும் கூலி, முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தால் 35 ரூபாய்க்குக் கீழே விற்க முடியாது.

நாசிக் பக்கம் தரையை விட்டுத் தூக்கிக் கட்டி, பக்கவாட்டில் காற்றோட விட்ட பட்டறையில் வைத்தே அவர்களுக்குச் சேதம். நம்ம கடற்காற்று ஈரத்தில் சொல்லவே வேண்டாம். ஒரு ஆடி மாதம் நானும் மூட்டையை நெருக்கி அடுக்கி வைத்தேன். நாற்றம் வெளியே வரும்போது நடுவரிசை முழுக்கக் கூழாகிவிட்டது. பத்து நாள் விற்பனைக்கு மட்டும் வாங்குங்க.

தக்கலை, ஓட்டல்: ஒரு வாரத்துல விலை இரட்டிப்பாவுதே, யாராவது பதுக்குறாங்களா?

பதுக்கலும் உண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. நாட்டின் வெங்காயத்தில் பாதிக்கு மேல் பங்குனி, சித்திரையில் அறுக்கும் ராபி பயிர். புரட்டாசி, ஐப்பசி வரை அந்த இருப்பைத்தான் சாப்பிடுகிறோம். அது தீரும் நேரத்தில் மகாராஷ்டிரத்தில் மழை அடித்துப் புதுக் காய் கெட்டால் நாசிக் பக்கத்துப் பெரிய வெங்காயச் சந்தையான லாசல்கான் ஏலத்தில் விலை எகிறும், மறுநாளே நம்ம நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டில் தெரியும். 2019 கடைசியில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது இப்படித்தான்.

உடனே ஏற்றுமதிக்குத் தடை வரும். 2023 டிசம்பர் 8-ல் விதித்த தடை 2024 மே வரை நீடித்தது. உங்களுக்கு விலை இறங்கியது. பயிரிட்டவனுக்கும் அதே கையோடு இறங்கியது. விலை சரிந்து கிடக்கும்போது அவனைத் தேடி யாரும் வருவதில்லை. அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

ஆரல்வாய்மொழி: கடையில உள்ளி கிலோ 60 ரூபா. விளைய வச்சு விக்கிற எனக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி 25?

தங்கச்சி, உங்களுக்கு மட்டும் இல்லை. நுகர்வோர் வெங்காயத்துக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குச் சேருவது சுமார் 36 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுத்தாள் சொல்கிறது. தரகு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, கழிவு, சில்லறைக்காரர் லாபம் எல்லாம் மீதியில் போகிறது.

உங்களிடம் இருப்பது கொஞ்சம் சரக்கு. அதை ஏன் மண்டிக்குக் கொண்டுபோகிறீங்க? உழவர் அட்டை எடுத்து வடசேரி உழவர் சந்தையில் நீங்களே உட்காருங்க. அறுத்ததும் நிழலில் நன்றாக உலர்த்தி, உள்ளித்தாளை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு அறுத்து, பொடிக்காயைத் தனியாகப் பிரித்து வையுங்க. கலந்து கொண்டுபோனால் முழுக் குவியலுக்கும் பொடிக்காய் விலைதான் கேட்பார்கள்.