தாத்தா வயலினும் லண்டன் கடையும்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயதில் வயலின் வாங்கிக் கொடுத்தேன். லண்டனில் மேற்கத்திய இசை படித்துப் பட்டமும் வாங்கினான். ஆர்க்கெஸ்ட்ராவில் சேருவான் என்று பார்த்தால், மூன்று வருடமாக ஒரு வயலின் கடையில் வேலை பார்க்கிறான். மேடையில் உட்கார வேண்டியவன் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். போன மாதம் ஊருக்கு வந்தவனிடம், உள்ளே 'ஸ்ட்ராடிவாரியஸ், 1721' என்று லேபிள் ஒட்டிய என் தாத்தாவின் வயலினைக் காட்டினேன். ஐந்தே நிமிடம் பார்த்துவிட்டு, "ஜெர்மனி ஃபேக்டரி சரக்குப்பா, பெரிய விலையெல்லாம் போகாது" என்கிறான். கடைக்காரப் புத்தி வந்துவிட்டதே! கலைஞன் வியாபாரி ஆகலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தம் இருக்கிறது. மகன் மேடை ஏறவில்லை என்பது ஒன்று, தாத்தாவின் பெட்டிக்குள் கோடி ரூபாய் இல்லை என்பது இன்னொன்று. மூன்று வருடம் பேசாமல் இருந்தவரைப் பேனா எடுக்க வைத்தது இரண்டாவதுதான் என்று படுகிறது.

அதையே முதலில் பார்த்துவிடலாம். உங்கள் லேபிளில் ஸ்ட்ராடிவாரியஸ் என்றிருக்கும் ஸ்ட்ராடிவாரி, உலகப் புகழ்பெற்ற வயலின் தயாரிப்பாளர்; இத்தாலியின் க்ரெமோனாவில் வாழ்ந்து 1737-ல் இறந்தவர். அவர் செய்த வயலின்களில் இன்று மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 500. பெரும்பாலானவற்றுக்கு, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஜாதகமே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் போட்ட லேபிள்களோ லட்சக்கணக்கில் சுற்றுகின்றன. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்னாய்கிர்சென் என்று ஓர் ஊர். நூறு நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டில் கழுத்து செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் பெட்டி ஒட்டுவார்கள். மொத்த வியாபாரி எல்லாவற்றையும் சேர்த்து, லேபிள் ஒட்டி, கப்பலேற்றுவார். ஸ்ட்ராடிவாரியின் அளவைப் பார்த்துச் செய்தது என்பதுதான் அந்த லேபிளுக்கு அர்த்தம். ஏமாற்றுவதற்கென்றே எல்லோரும் ஒட்டினார்கள் என்று சொல்ல முடியாது. ஏமாறுவதற்கு நம்மைப் போன்ற பேரன்கள் இருந்தோம், அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்தில் என்ன தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். நிறையவே தெரியும். எஃப் வடிவத் துளை வழியாகச் சின்ன டார்ச் அடித்துப் பார்த்திருப்பார். உள்மூலைகளில் மரக்கட்டை இருக்கிறதா, வெறுமையாக விட்டிருக்கிறார்களா? மேல்பலகைக்கு அடியில் ஓடும் பாஸ் பார் தனியாகச் செய்து ஒட்டியதா, பலகையைக் குடையும்போதே விட்டுச் செதுக்கியதா? விளிம்பைச் சுற்றிவரும் கறுப்புக் கோடு மரத்தில் பதித்ததா, மையால் இழுத்ததா? மலிவுச் சரக்கில் இந்த இரண்டாவது ரகமெல்லாம் மறைக்க முடியாமல் நிற்கும். லேபிளைக் கடைசியாகத்தான் படிப்பார்கள்.

சரி, கலைஞன் வியாபாரி ஆகலாமா? பெரிய வயலின் மேதை பாகனினியே வாத்தியம் வாங்கி விற்றவர். அவர் கையிலிருந்த இரண்டு வயலின், வயலினின் பெரிய உறவினர்களான ஒரு வியோலா, ஒரு செல்லோ, நான்கும் ஸ்ட்ராடிவாரி செய்தவை, இன்றும் அவர் பெயரால் ஒரே செட்டாக வழங்குகின்றன. பாரிஸில் அவர் தொடங்கிய கசினோ மூழ்கியபோது கைகொடுக்கும் என்று நம்பியதும் வாத்திய வியாபாரத்தைத்தான். அதனால் அவர் வாசிப்பு ஒரு ஸ்வரம்கூடக் குறைந்ததாக யாரும் எழுதவில்லை.

ஆனால் இந்தத் தொழிலில் கூச்சப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்காமல் விட்டதும் அதைத்தான்.

லூயிஜி தாரிசியோ என்று ஓர் இத்தாலியர். தச்சர், கொஞ்சம் வயலினும் வாசிப்பார். ஊர் ஊராக நடந்து, பரணில் கிடக்கும் பழைய வயலினை வாங்கிக்கொண்டு, பளபளப்பாக ஒரு புது வயலினைக் கொடுத்துவிட்டுப் போவார் என்று கதை. நம் தெருவில் பழைய பட்டுப்புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். சரிகையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. 1854-ல் தாரிசியோ மிலானில் செத்துக் கிடந்தபோது, ஏழை வீடு போலிருந்த அந்த இடத்தில் வாத்தியங்கள் குவிந்து கிடந்தன. வயலின் செய்பவரும் வியாபாரியுமான பாரிஸின் வியூயோம் ஓடிப்போய் மொத்தமாக வாங்கினார். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் 'மெசையா' ஸ்ட்ராடிவாரியும் அதில் ஒன்று.

தெரிந்தவனும் தெரியாதவனும் எதிரெதிரே உட்காரும் தொழில் இது. மதிப்புச் சொல்கிறவரே விற்கிறவராகவும் இருப்பார். வாத்தியார் சிபாரிசு செய்த வயலினை மாணவன் வாங்குவான். விலையில் ஒரு பங்கு சத்தமில்லாமல் வாத்தியாருக்குப் போகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பழைய வியாதி. பெரிய அளவில் போனவர்களும் உண்டு. வியன்னாவில் கொடிகட்டிப் பறந்த வயலின் வியாபாரி டீட்மார் மஹோல்டுக்கு, மோசடி வழக்கில் 2012-ல் ஆறு ஆண்டு சிறை விதித்தார்கள்.

காது மட்டும் போதும், ஏமாற மாட்டோம் என்று இருந்துவிடவும் முடியாது. 1977-ல் பிபிசி வானொலியில் திரைக்குப் பின்னால் நான்கு வயலின்களை வாசித்துக் காட்டினார்கள். ஒன்று ஸ்ட்ராடிவாரி, ஒன்று அதற்கு இணையாகப் பேசப்படும் இத்தாலியக் குவார்னேரி, ஒன்று வியூயோம் செய்தது, ஒன்று புத்தம் புதிது. கேட்டவர்கள் பிரபல வயலின் கலைஞர்கள் ஐசக் ஸ்டெர்ன், பிங்கஸ் ஸுக்கர்மன், அப்புறம் பெரிய வயலின் நிபுணர் சார்லஸ் பேர். இரண்டுக்கு மேல் யாரும் சரியாகச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட தொழிலில் இருக்கும் ஒருவர், சொந்த அப்பாவிடமே "பெரிய விலை போகாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். இதையா கடைக்காரப் புத்தி என்கிறீர்கள்?

அவர் கடையில் வாசிக்கவில்லை என்றும் நினைக்காதீர்கள். தாடைக்கு அடியில் கேட்கிற ஒலி வேறு, பத்தடி தள்ளிக் கேட்கிற ஒலி வேறு. அதனால் வாங்க வருகிறவர் அறையின் மறுகோடியில் நிற்க, கடையில் இருப்பவர் ஒரே வரியை ஆறு வயலினில் மாற்றி மாற்றி வாசித்துக் காட்ட வேண்டும். உள்ளே சவுண்ட் போஸ்ட் என்று ஒரு சின்னக் குச்சி, பசை இல்லாமல் இறுக்கத்தில் மட்டுமே நிற்கும். இத்தாலிக்காரர்கள் அதை 'ஆன்மா' என்றே சொல்கிறார்கள். அது மயிரிழை நகர்ந்தால் குரலே மாறிவிடும். எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று சொல்ல, வாசிக்கத் தெரிந்த காது வேண்டும்.

தாத்தாவின் வயலினை மறுபடி பரணில் போடாதீர்கள், ஈரத்தில் ஒட்டு விட்டுப்போகும். அடுத்த முறை வரும்போது ஒரு செட் தந்தியும், தந்தியைத் தாங்கும் ஒரு பிரிட்ஜும் கொண்டுவரச் சொல்லுங்கள். தந்தியை முறுக்கும் பிருடைகளையும் அவரே சரிசெய்வார். முடித்ததும் நீங்கள் கூடத்தின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டு, வாசிக்கச் சொல்லுங்கள். லேபிளைக் கிழிக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்.