இரவு மோட்டாரும் பாரீஸ் ஒப்பந்தமும்

கேள்வி: பாரீஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அமெரிக்கா இரண்டாவது முறையும் அறிவித்துவிட்டது. இத்தனை காலம் புகை விட்டுப் பணக்காரர் ஆனவர்கள் அவர்கள். எங்கள் ஊரில் கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரமே பாதி நாள் இரவில்தான் வருகிறது. நம்மைப் போன்ற நாடு எதற்காகக் கரியமில வாயுவைக் குறைப்பதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும்?
– ஒரு விவசாயி, தே.கல்லுப்பட்டி

பதில்: உங்கள் கணக்கு சரி. முடிவு தவறு.

கணக்கை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்புரட்சிக் காலம் முதல் உலகம் வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு நூற்றில் நான்குகூட இல்லை. இன்றைக்கும் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் வெளியேற்றுகிறார்; ஓர் இந்தியர் சுமார் 2 டன். வளரும் நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகையை அவை எட்டியது 2022இல்தான், அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் அஸர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடித்துக்கொண்டார்கள். வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர். இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். தெரிவித்தது நியாயம்.

ஆக, வர வேண்டிய பாக்கி இருக்கிறது. அதைச் சத்தம் போட்டுத்தான் கேட்க வேண்டும். ஆனால், பக்கத்துத் தோட்டக்காரர் பாக்கியைத் தீர்க்கும்வரை என் கிணற்றைத் தூர்வார மாட்டேன் என்று எந்தச் சம்சாரியாவது உட்கார்ந்திருப்பாரா?

நாம் கொடுத்த உறுதிமொழி என்னவென்றும் பார்த்துவிடுங்கள். பாரீஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்கிறது. 2022இல் இந்தியா எழுதியது இது: 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால், நாட்டின் உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் மாசின் அளவை 2030க்குள் 45 சதவீதம் குறைப்போம், மின் நிறுவுதிறனில் (எல்லா நிலையங்களும் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவில்) பாதியை நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் அல்லாத வழிகளுக்குக் கொண்டுவருவோம். நாட்டின் மொத்த மாசு அதற்குள் கூடவும் செய்யலாம். அதற்கு இதில் இடம் இருக்கிறது. உங்கள் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது இலக்கை 2025லேயே எட்டிவிட்டோம் என்று மத்திய அரசு அறிவித்தது. உண்மைதான். எனக்குக் கோபம் வரும் இடமும் அதுதான். எட்டியது நிறுவுதிறனில். 2024இல் நாட்டில் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியில் வந்தது. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் வெயிலில் நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். ஒரு கிலோவாட் அனல்மின் திறன் முழு வேகத்தில் ஓடினால் 24 யூனிட். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பாதிக்குப் பாதி என்றால் மக்களுக்கு என்ன விளங்கும்? மதுரையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கமுதி. அங்கே சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் வந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அப்போது பெயர் பெற்றது. பெருமைப்படலாம். ஆனால் மாலை ஏழு மணிக்கு மதுரை மாசி வீதிகளில் விளக்கும் விசிறியும் ஓடும்போது கமுதித் தகடுகள் எதுவும் தருவதில்லை. அந்த நேரத்துக்குப் பகல் மின்சாரத்தைச் சேமித்துவைக்க வேண்டும். கோவை மாவட்டம் காடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் 1980களிலேயே வந்துவிட்டது. வழி தெரிந்த மாநிலம் இது. வேகம்தான் போதவில்லை. ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் மின்சாரத்தைக் கடத்தும் மின்தொடரால் வாங்கிக்கொள்ள முடியாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த கதையும் நம்முடையதே.

அமெரிக்கா என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காத ஏழை நாடுகளும் உண்டு. எத்தியோப்பியா பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதிக்கு 2024இல் தடை போட்டது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி கரைகிறது என்பதே காரணம். பாகிஸ்தானில் மின்கட்டணம் தாங்காமல் மக்களே சீனத் தகடுகளை வாங்கிக் கூரையில் ஏற்றினார்கள். கென்யா பூமிக்கடியிலுள்ள வெப்பத்திலிருந்து தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் எடுக்கிறது. இவர்கள் யாரும் வாஷிங்டனுக்கு நல்ல பிள்ளையாக இருப்பதற்காகச் செய்யவில்லை. தங்கள் காசு மிஞ்ச வேண்டும் என்று செய்தார்கள்.

இப்போது உங்கள் மோட்டாருக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த இரவு மின்சாரம்தான் இந்தக் கேள்வியின் உயிர். பாம்புக்குப் பயந்து, டார்ச் விளக்கோடு நள்ளிரவில் வரப்பில் நடப்பவர் நீங்கள். வெயிலோ பகலில் கொட்டுகிறது. விவசாய மின்பாதைகளைப் பிரித்து, துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சிறிய சூரிய நிலையம் வைத்து, பகலிலேயே மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க முடியும். மகாராஷ்டிரம் 2017இல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. விவசாயத்துக்குச் சூரிய மின்சாரம் தரும் மத்திய அரசின் குசும் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாய இணைப்புகளுக்கு மின்சாரம் இலவசம். அதற்கான பணத்தை அரசு ஆண்டுதோறும் கட்டுகிறது. அந்த மின்சாரம் தூரத்து அனல்மின் நிலையத்திலிருந்து வருவதைவிட உங்கள் ஊர் வெயிலிலிருந்து வந்தால் அரசுக்கும் செலவு குறையும், நீங்களும் இரவில் தூங்கலாம். நிலக்கரி எரிவது குறைவது கூடுதல் லாபம். ஓர் எச்சரிக்கை: பகல் முழுக்க மின்சாரம் கிடைக்கிறது என்று மோட்டாரை ஓடவிட்டால் கிணறு வற்றும். கண்மாய் தூர்வாரும் வேலையும் கூடவே நடந்தாக வேண்டும்.

கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசின் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்கிறார்கள். சொந்தக் காங்கிரீட் மாடி இருப்பவருக்கு நல்லது. மதுரை செல்லூரில் ஒண்டுக்குடித்தனத்தில் வாடகைக்கு இருக்கும் நெசவாளிக்கு அதில் எதுவும் இல்லை. அவருக்கும் ஒரு வழி சொல்லாத வரை அந்தத் திட்டத்தை முழுமையானது என்று நான் ஏற்க மாட்டேன்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பேரையூர், திருமங்கலம் வட்டங்களில் எத்தனை விவசாய மின்பாதைகளைப் பகல் சூரிய மின்சாரத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள், மீதியை எந்த ஆண்டுக்குள் மாற்றுவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் அப்படியே அச்சிடுகிறோம்.