மருத்துவமனைத் தொற்றுக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது? கேள்வி பதில்

நர்சிங் மாணவி: போன மாதம் எங்கள் ஐசியுவில் 3 சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாயில் செருகும் குழாய்) தொற்று, பக்கத்து மருத்துவமனையில் 1. நாங்கள் அவ்வளவு மோசமா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாதும்மா. 10 பேருக்கு 30 நாளும் லைன் இருந்தால் 300 லைன் நாட்கள். 3 தொற்று என்றால் ஆயிரம் லைன் நாளுக்கு 10. அங்கே 50 லைன் நாட்கள்தான் என்றால், ஆயிரத்துக்கு 20. தினமும் ஒரே நேரத்தில் லைன்களை எண்ணிக் குறித்து வையுங்கள்.

இளம் மருத்துவர்: ஒரு நாட்டின் கண்காணிப்பே சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கேஸ் ஷீட்டுகளை வேறு ஆட்கள் மறுபடி படிக்க வேண்டும். அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 1970இல் தொடங்கிய என்என்ஐஎஸ் என்ற மருத்துவமனைத் தொற்றுக் கண்காணிப்பு அமைப்பை இப்படிச் சோதித்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். 9 மருத்துவமனைகளின் ஐசியு நோயாளிகள். ரத்தத் தொற்றுகளில் 85% பதிவாகியிருந்தன. நிமோனியா 68%, சிறுநீர்த் தொற்று 59% மட்டுமே. ஆனால் பதிவானவை பெரும்பாலும் உண்மையான தொற்றுகளே. அதாவது, பொய்க்கணக்கு குறைவு, விட்டுப்போனது அதிகம். எந்த நாட்டுப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இந்த மறுவாசிப்பு நடந்ததா என்பதைத்தான்.

அதே மருத்துவர்: இந்தியாவில்?

பதில்: எய்ம்ஸ், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), சிடிசி சேர்ந்து தொற்றுகளைக் கண்காணிக்க ஒரு வலையமைப்பை உருவாக்கின. 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 மருத்துவமனைகள், 89 ஐசியுக்கள். பச்சிளங்குழந்தை ஐசியுக்களில் ரத்தத் தொற்று ஆயிரம் லைன் நாளுக்கு 20க்கும் மேல். அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சிறிய நர்சிங் ஹோம்களின் நிலையை இதிலிருந்து ஊகிக்கக் கூடாது.

நோயாளியின் மகன்: ‘தொற்று பூஜ்ஜியம்’ என்று சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: எத்தனை பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) அனுப்பினார்கள் என்று கேளுங்கள். கல்ச்சர் இல்லாமல் லைன் தொற்று கணக்கில் ஏறாது. ஆன்டிபயாட்டிக் ஏற்றிவிட்டு ரத்தம் எடுத்தாலும் கிருமி வளராமல் போகலாம்.

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்: பயிற்சிக்குப் பிறகு எங்கள் எண் கூடிவிட்டது. நிர்வாகம் திட்டுகிறது.

பதில்: கவனித்துப் பார்க்கத் தொடங்கினால் முதலில் கூடத்தான் செய்யும், சிஸ்டர். நீங்கள் தவறு செய்யவில்லை. அடுத்த கூட்டத்தில் தொற்று எண்ணுக்குப் பக்கத்திலேயே லைன் நாட்களையும், அனுப்பிய கல்ச்சர்களையும் மாதவாரியாகப் போட்டுக் காட்டுங்கள். கல்ச்சர் இரட்டிப்பானபோது தொற்று எண்ணும் ஏறியிருந்தால், அந்தத் தாளே உங்களுக்காகப் பேசும். திட்டுக்குப் பயந்து ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.