திமுக இளைஞரணி தொடங்கியது எந்த ஆண்டு?

உங்கள் கல்லூரிக் கட்டுரைக்குத் தேடியபோது ஓரிடத்தில் 1967, இன்னோரிடத்தில் 1980, வேறோரிடத்தில் 1982 என்று கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 1980 என்றே போடுங்கள். அந்த ஆண்டு ஜூலை 20 அன்று மதுரை ஜான்சிராணி பூங்காவில்தான் இளைஞரணி தொடங்கப்பட்டது.

மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்றால், ஸ்டாலின் பள்ளி மாணவராக இருந்தபோது கோபாலபுரத்தில் நண்பர்களைச் சேர்த்து 'இளைஞர் திமுக' என்று ஒன்றை நடத்தினார். ஒரு முடிதிருத்தும் கடைதான் அவர்கள் கூடும் இடம். 1967 தேர்தல் சமயத்துக் கதை அது. கட்சியின் அமைப்பு அல்ல, தெருப் பையன்களின் ஆர்வம். 1982இல் திருச்சியில் நடந்த இரண்டாம் ஆண்டு விழாவில் ஐந்து அமைப்பாளர்கள் அறிவிக்கப்பட்டார்கள், அவர்களில் ஸ்டாலினும் ஒருவர். அதைத்தான் சிலர் தொடக்கம் என்று எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம், ஆண்டுக் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். இளைஞரணியின் தலைமை அலுவலகமான சென்னை தேனாம்பேட்டை அன்பகத்துக்கு ஒரு பத்தி கட்டாயம் ஒதுக்குங்கள். முதலில் பத்து லட்சம் ரூபாய் திரட்டித் தரும் அணிக்கே அந்தக் கட்டடம் என்று கருணாநிதி சொல்ல, இளைஞரணியினர் ஊர் ஊராகப் போய்ப் பதினோரு லட்சம் திரட்டிக் கொடுத்து அதைப் பெற்றார்கள். கொடியேற்றவும் உண்டியல் குலுக்கவும் ஒன்றியம் வரை ஆள் இருந்ததால்தான் அது நடந்தது. ஓர் அணி எப்படி வளர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

செயலாளர்கள் வரிசையில் ஸ்டாலினுக்கும் உதயநிதிக்கும் இடையில், 2017 முதல் 2019 வரை இருந்த வெள்ளகோவில் சாமிநாதனை விட்டுவிடாதீர்கள்.