தராசுக்கு ஞாயிறு விடுமுறையா?

கேள்வி: என் 6 வயது மகனுக்கு குளூட்-1 குறைபாடு. கொழுப்பு மிகுந்து, மாவுச்சத்து மிகக் குறைந்து, தராசில் நிறுத்துக் கொடுக்கும் கீட்டோஜெனிக் உணவு தொடங்கியபின் வலிப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் ஞாயிறு இரவும் திங்களும் மறுபடி வருகிறது. ஞாயிறு எனக்கு வேலை, கணவர்தான் ஊட்டுவார். தராசெல்லாம் அவருக்குச் சரிப்படாது, கண்ணளவுதான். உணவை விட்டுவிட்டு மருந்தை மட்டும் கூட்டலாமா?

பதில்: கண்ணளவு என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதற்குமேல் படிக்கவே ஓடவில்லை.

இந்தக் குறைபாட்டில் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் மூளைக்குள் போதுமான அளவு நுழைவதில்லை. கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்தான் மாற்று எரிபொருள். மருந்தைக் கூட்டினால் மூளையின் பசி தீராது. உணவை விடும் பேச்சே வேண்டாம்.

4:1 விகிதத்தில் ஒரு வேளைக்குக் கொழுப்பு 40 கிராம் என்றால், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்தே 10 கிராம்தான். கிண்ணத்தில் 10 கிராம் எண்ணெய் ஒட்டிக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போனால் பிள்ளை சாப்பிட்டது 3:1. வெறும் இரண்டு டீஸ்பூன்! பாவம் பார்த்து ஒரு பிஸ்கட்டும் கொடுத்தால் கீட்டோன் சில மணி நேரத்தில் சரிந்துவிடும்.

மாத்திரையைக் கண்ணளவில் கொடுப்பாரா அவர்? இந்தப் பிள்ளைக்குச் சாப்பாடுதான் மருந்து. பெற்ற தகப்பனுக்குத் தராசு சரிப்படாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு இடம் கொடுத்த உங்கள் மேலும் கோபம்தான். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் பிள்ளை கதி என்ன?

சனிக்கிழமை எல்லா வேளையும் அவரே நிறுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கை வைக்காதீர்கள். 0.1 கிராம் காட்டும் தராசில் காலிக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, ஒவ்வொரு பொருளாக நிறுக்க வேண்டும். எண்ணெயை மேலே ஊற்றினால் ஒதுங்கி நிற்கும்; உணவோடு மசித்துக் கலக்க வேண்டும். கடைசியில் கிண்ணத்தை ரப்பர் கரண்டியால் வழித்து, அதையும் ஊட்ட வேண்டும். காலையும் இரவும் கீட்டோன் அளவு பார்த்து, நேரத்தோடு நோட்டில் எழுதுவதும் அவர் பொறுப்பு. காய்ச்சல், இருமல் சிரப்புகளில் சர்க்கரை இருக்கும். சர்க்கரையில்லாத மாற்றை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஓயாத வாந்தி, அசாதாரணத் தூக்கம், மூச்சுவாங்கல் தெரிந்தால் உடனே டாக்டரை அழைக்க வேண்டும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் டாக்டர் எழுதித் தந்த அவசர மருந்தும் ஆம்புலன்ஸும். இவை அவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஞாயிறு நடப்பதை டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் இந்த வாரமே மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாமல் அவர்கள் மருந்தைக் கூட்டிவிடக் கூடாது.