பழைய காரில் ரேடியேட்டர் ஒழுகினால் அதை மட்டும் மாற்றினால் போதுமா?

ரேடியேட்டர் ஒழுகுகிறது, அதை மட்டும் மாற்றலாமா, ஹோஸ் (ரப்பர் குழாய்), தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு), வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்தே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தே மாற்றிவிடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் பட்டவன்.

என் காருக்கு அப்போது 18 வயது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல், அதைச் சுற்றிக் காய்ந்த கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பச்சையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. புது ரேடியேட்டரும் புது மூடியும் போட்டேன். மூன்றே வாரத்தில் மேல் ஹோஸ் வெடித்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான், பழசு கசிந்துகொண்டிருந்தவரை உள்ளே அழுத்தமே ஏறவில்லை, புது மூடி 0.9 பார் அழுத்தத்தை ஒழுங்காகப் பிடித்ததும் இருப்பதிலேயே நைந்துபோன பாகத்தின் தலையில் அது விடிந்தது. ஹோஸை அறுத்துப் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருந்தது, உள்ளே கிளாம்ப் பக்கத்தில் நீளவாக்கில் கீறல் கீறலாக விட்டிருந்தது. அதனால் ஹோஸை நடுவில் மட்டும் அமுக்கிப் பார்க்காதீர்கள், முனைகளையும் அமுக்கிப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் சின்னப் பொருள், யோசிக்காமல் மாற்றலாம். வாட்டர் பம்பில் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதன் வழியே ஈரமோ கறையோ தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். பம்பை டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் பெல்ட்) சுழற்றும் வண்டியென்றால் பெல்ட்டையும் கையோடு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே பிரித்து மாட்டும் கூலியை இரண்டு முறை அழ வேண்டும்.

பாகங்களை மாட்டுவது பெரிய விஷயமில்லை, கூலண்ட் ஓடும் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை வண்டியை ஐடிலில் விடுங்கள். எஞ்சின் சூடேறியும் ஹீட்டரில் சில்லென்று காற்று வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அப்புறம் நன்றாக ஆறிய பிறகு அளவு பார்த்து ஊற்றுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும், மணிக்கட்டில் தழும்பும் இருக்கிறது.

யாராவது ஒழுகலை அடைக்கும் பொடியைப் போடச் சொன்னால் கேட்காதீர்கள், அது ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும்.